பயிரின் சுவரும் அதன் காவலும்

பயிர் கரும்பச்சையாக நின்றால் திடமாக நிற்கிறது என்பது விவசாயிகளுள் அநேகரின் அபிப்பிராயம். நெற்பயிரில் இவ்வபிப்பிராயம் பலமுறை நஷ்டத்திலேயே முடிந்திருக்கிறது. 1919-ஆம் ஆண்டில் தஞ்சைக் காவிரிப் பாசன நிலங்களைப் பாழ்படுத்திய குலைநோய் இன்றும் ஒழிந்தபாடில்லை. தழைச்சத்து மிஞ்சிய வயலே அதற்கு எளிதில் இரையாகிறது. இதன் காரணம் பயிரின் உடற்கட்டில் உள்ளது.

தாவரங்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணறைகளாலானவை. 1665-இல் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கையில் அவ்வறைகளைக் கண்டு வெளியிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெறுஞ் சுவர்களே. உயிருள்ள அறையிலோ சுவரின் உட்புறம் மெல்லிய சவ்வொன்று உண்டு. அச்சவ்விலுள்ள சில புரதங்கள், எல்லையில் கண்டதை ஊருக்குள் அறிவிக்கும் தலையாரியைப் போன்றவை.

குலைநோய்ப் பூசணத்தின் சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. பூசணம் தாக்கும்போது, பயிர் தன் நொதிகளால் அதனைத் துணுக்குகளாக அறுக்கிறது. அத்துணுக்குகளைப் பற்றும் புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-இல் நெல்லில் கண்டறிந்தனர். அது வெளியே நின்று பிடிக்கும்; சவ்வை ஊடுருவி நிற்கும் வேறொரு புரதமே செய்தியை உள்ளே சேர்க்கும். சில நிமிஷங்களுக்குள் சுண்ணாம்புச்சத்து அறைக்குள் பாய்கிறது. பிறகு நோயெதிர்ப்புப் பொருள்கள் உண்டாகின்றன. தாக்கப்பட்ட இடத்தில் சுவரும் தடிக்கிறது.

பகைவனும் எளியவன் அல்லன். இப்பூசணம் மோட்டார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு அழுத்தத்தை உண்டாக்கி இலையைத் துளைக்கிறது. கைட்டின் துணுக்குகளைத் தானே பற்றி மறைத்துக் காவலையும் ஏமாற்றுகிறது. ஆகவே, காவலுக்கு அவகாசம் கிடைக்கும்படி சுவர் உறுதியாயிருத்தல் வேண்டும். அளவுக்கு மிஞ்சிய யூரியா இலையை மென்மையாக்குகிறது; இலைக்கு உறுதியளிக்கும் சிலிகாவும் அதில் குறைகிறது. கரும்பச்சைக்குச் செலவிட்ட பணம் இவ்வாறு பகைவனுக்கு வழி திறக்கிறது.

உரத்தைக் குறைத்தால் மகசூல் குறையுமெனச் சிலர் ஆட்சேபிக்கலாம். உரத்தை அறவே நிறுத்துவது நோக்கமன்று. மண் பரிசோதனைப்படி அளவறிந்து, தழைச்சத்தைத் தவணைகளாகப் பிரித்திடுவதே முறை. நன்கு மக்கிய எருவும் உமிச்சாம்பலும் சிலிகாவைத் தரும். இலையில் கண்வடிவப் புள்ளிகள் தோன்றினால் மேலுரத்தை நிறுத்திவைத்தல் வேண்டும். நோய் மிகுந்தவிடத்து மருந்தும் அவசியமே. ஆயினும் சுவரை நெகிழவிட்டுப் பின்னர் மருந்தைத் தேடுவது விவேகமாகாது.

இப்பூசணத்தின் வித்துக்கள் காற்றில் பரவுவதால், ஒருவர் வயலின் மிகையுரம் அயலார் வயலுக்கும் கேடாகிறது. எனவே மேலுரம் இடுங்காலத்துக்கு முன்னரே கிராம அதிகாரிகள் விவசாயிகளைக் கூட்டி இவ்விஷயத்தை எடுத்துரைப்பது ஊர் முழுமைக்கும் நன்மை பயக்கும்.