ஏரிக்கு மேலே பிராந்து

மார்ச் பிறந்துவிட்டால் சூரிச், செம்பாக், நொஷாத்தல் ஏரிகளுக்கு மேலே கரும் பழுப்பு நிறப் பறவைகள் வட்டமிடத் தொடங்கிவிடும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் நம்மில் அநேகர் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தவர்களும் "ஏதோ கழுகு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கழுகு அல்ல வாசகர்களே, பிராந்து! யாழ்ப்பாணத்தில் மீன் சந்தைக்கு மேலே சுற்றித் திரியுமே, கோழிக்குஞ்சைத் தூக்க வருகிறதென்று ஆச்சிமார் கை தட்டிக் கலைப்பார்களே, அதே இனந்தான். டொச் மொழியில் 'சுவார்ஸ்மிலான்', அதாவது கரும்பருந்து.

இதற்கு 'றோட்மிலான்' என்றொரு சொந்தக்காரரும் இங்கே உண்டு. செந்நிறம் கண்டதும் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெள்ளைத் தலையுள்ள நமது கருடன் வேறு இனம். றோட்மிலானின் வால் கத்தரிக்கோல் விரித்ததுபோல ஆழமாகப் பிளந்திருக்கும். சுவார்ஸ்மிலான் வாலை விரித்தால் பிளவு தெரியாமலே போய்விடும். நிறத்தை நம்பாதீர்கள், வெயிலுக்கு எதிரே எல்லாமே கறுப்புத்தான்.

ஏரியில் செத்து மிதக்கும் மீன்தான் இதற்கு விருப்பம். தாழப் பறந்து, காலால் அள்ளி, பறந்தபடியே குனிந்து தின்னும். தண்ணீரைக் கிழித்து விழுந்து உயிர்மீன் பிடிப்பது விராலடிப்பான். வசந்தத்திலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் இவ்வழியே போகும்போது அதைக் காணலாம். சுவிசில் 1914க்குப் பிறகு அது நீண்ட காலம் குஞ்சு பொரிக்கவில்லை. திரும்பக் குடியேற்றுவதற்காக 2015 முதல் வெளிநாடுகளிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

பெற்றோரை விசிட் விசாவில் கூப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கரும்பருந்துகள் ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் புறப்பட்டு, சகாராவுக்குத் தெற்கே மேற்கு ஆபிரிக்காவுக்குப் போய்விடும். தரையிலிருந்து எழும் சூட்டுக் காற்றில் ஏறி மிதந்து போகிறவை என்பதால் அகன்ற கடல் அவற்றுக்கு ஆகாது. அநேகமானவை கடல் ஒடுங்கிய ஜிப்ரால்டரில்தான் கடக்கும். ஆகவே மே, ஜூனில் கூப்பிடுங்கள். மொழி தெரியாமல் நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் அம்மம்மாவை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். பறவையின் டொச் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியும். பிராந்தின் நிழல் முற்றத்தில் விழுந்ததும் தாய்க்கோழி எப்படிக் குரல் கொடுக்கும், குஞ்சுகள் எப்படிச் செட்டைக்குள் ஒளியும் என்பது அம்மம்மாவுக்குத்தானே தெரியும்! அன்றைக்குப் பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். வீட்டில் இது தினமும் நடப்பதில்லை.

வெயில் ஏறிய பிறகு போனால் போதும், அதற்கு முன் பிராந்தும் மரத்தில்தான் குந்தியிருக்கும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மிஞ்சிய கறியை எறிந்து கூப்பிட வேண்டாம். உப்பும் உறைப்பும் அதற்குக் கூடாது, அயலவர் முறைப்பாடும் வரும்.

எங்கே போவதென்று கேட்பவர்களுக்கு: செம்பாக் ஏரிக்கரையில் 1924இல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2015 முதல் பார்வையாளருக்கென்று தனிக் கட்டடமும் உண்டு. காயப்பட்ட பறவைகளை அங்கே பராமரிக்கிறார்கள். லுட்சேர்னிலிருந்து ரயிலில் செம்பாக்-நொயன்கிர்க் போய், அங்கிருந்து பஸ் எடுக்கலாம். உள்ளே போகத்தான் கட்டணம், ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்க்க ஒரு சதமும் வேண்டாம். அம்மம்மாவுக்கு ஒரு ஜக்கெற் எடுத்துப்போங்கள், ஜூனிலும் ஏரிக்காற்று குளிரும்.