கால்நடை மருத்துவர் கற்க வேண்டிய இன்னொரு வித்தை

கால்நடைகளுக்கு நோய்த்தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் இராணிப்பேட்டையில் 1932-ஆம் ஆண்டு தொடங்கி இயங்கி வருகிறது என்பதும், ஊர் ஊராக மாட்டுக் கொட்டில்களைக் காலி செய்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டியது 1995-ஆம் ஆண்டில், இராணிப்பேட்டை அடங்கிய அதே வடஆற்காட்டில்தான் என்பதும் நம்முடைய கால்நடை மருத்துவ மாணவர்கள் சேர்த்து வைத்துச் சிந்திக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். மருந்து பக்கத்திலேயே தயாராவதால் மட்டும் வியாதி விலகிவிடுவதில்லை. உரிய காலத்தில், உரிய கிராமத்தில், மாட்டுக்காரரின் மனப்பூர்வமான சம்மதத்தோடு அது மாட்டின் உடலில் சேர வேண்டும். அப்படிச் சேர்ப்பதற்கு இரசாயன அறிவோடு திட்டமிடும் ஆற்றலும் பேசும் ஆற்றலும் அவசியம் என்பதே என் அபிப்பிராயம்.

1954-ல் தேசிய அளவில் தொடங்கிய வெக்கை நோய் ஒழிப்பு முயற்சி பல பத்தாண்டுகள் நடந்தது. அதன் கடைசிக் கட்டம் மிகவும் நுட்பமானது. ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, நோய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று கிராமம் கிராமமாகத் தேடி, இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேடுதலுக்குப் பிரதான கருவி கேள்வி கேட்கும் திறமையே. “உங்கள் மாட்டுக்கு வெக்கை வந்ததா?” என்று அதிகாரத் தோரணையில் கேட்டால் “இல்லைங்க” என்ற ஒரே பதில்தான் வரும். வாயில் புண், கண்ணில் நீர், ஓயாத கழிச்சல், இவற்றை எந்த மாதத்தில் கண்டீர்கள், அதற்கு முன் எந்தச் சந்தையில் மாடு பிடித்தீர்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து நிதானமாக விசாரிப்பவருக்குத்தான் உண்மை கிடைக்கும். அவ்வாறு விசாரித்த பெயர் தெரியாத எத்தனையோ மருத்துவர்களாலும் கால்நடை ஆய்வாளர்களாலும் 2006-ல் இந்தியாவும் 2011-ல் உலகம் முழுவதும் அந்நோயிலிருந்து விடுபட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்டன.

வெக்கை போயிற்று, அடைப்பான் போகவில்லை. தோல் தொழிலே ஜீவனமாக உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நேற்று மாலை வரை மேய்ந்த பசு விடியற்காலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் கசிகிறது. மாட்டுக்காரர் கடன் வாங்கிப் பிடித்த மாடு. தோலாவது நாலு காசு தருமென்று உரிப்பவருக்கு ஆள் அனுப்பிவிட்டார். அவரும் கத்தியோடு வந்து நிற்கிறார். கல்லூரியிலிருந்து புதிதாக வெளிவந்த இளம் மருத்துவர் அந்த வேளையில் செய்ய வேண்டிய சிகிச்சை ஒன்றுமில்லை. உடலை அறுக்காமல், காது நுனியில் கீறி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது சில நிமிஷ வேலை. அதன் பிறகு, உரித்தால் காற்றுப் பட்டு அந்தக் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும் என்பதையும், உரிப்பவர் கையில் உள்ள சிறு கீறல் வழியே அவருடைய உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதையும், ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுத் தோலோடு புதைப்பதே ஏற்றது என்பதையும், மாட்டையும் இழந்து தோலின் விலையையும் இழக்கப் போகிற ஒருவரிடம் அவர் மனம் ஏற்கும்படி சொல்ல வேண்டும். இது வெறும் கற்பனைப் பயமல்ல. தமிழக–ஆந்திர எல்லைப் பகுதியிலிருந்து வந்த அடைப்பான் நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மருத்துவ ஏடுகளில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பேச்சுக்கு மாணவரைத் தயார் செய்வது எந்தப் பாடம்? கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். விரிவாக்கக் கல்வி என்ற பாடம் அதில் இருக்கிறது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்களின் சிரத்தையையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் விடை எழுதி, மதிப்பெண் பெற்றதோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மனிதர்களுக்கு வைத்தியம் செய்யப் படிப்பவர்களுக்கு 2019 முதல் மனப்பான்மை, அறநெறி, தகவல் பரிமாற்றம் ஆகியவை படிப்பின் கட்டாயப் பகுதியாகிவிட்டன. பட்டம் பெறும் நாளிலேயே கால்நடை மருத்துவரிடம் இருக்க வேண்டிய தகுதிகளில் ஒன்றாகப் பேச்சுத் திறனை உலகக் கால்நடை நல அமைப்பு 2012-லேயே குறிப்பிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியோ தன் மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து, வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கச் செய்யும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டிருக்கிறது. அதே ஊரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும் இருக்க, நல்ல முன்மாதிரியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

திட்டமிடுதலும் பேச்சும் இரண்டு தனிப் பாடங்கள் அல்ல என்பதை ஒரேயொரு தடுப்பூசி முகாம் மாணவருக்கு உணர்த்திவிடும். ஆடுகள் பட்டியை விட்டு மேய்ச்சலுக்குப் புறப்படும் முன் முகாம் தொடங்க வேண்டும். ஆட்டுக்கொல்லித் தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியிலேயே கொண்டுவந்து, கரைத்த பின் மிகக் குறுகிய நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும்; ஆகையால் எத்தனை ஆடுகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் மருந்து வீணாகும், அல்லது போதாமற் போகும். அடைப்பான் தடுப்பு மருந்து உயிருள்ள வித்துகளால் ஆனது. ஊசி போடும் சமயத்தில் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டிருந்தால் அதன் பலன் கெட்டுவிடும். அப்படியானால் சென்ற வாரம் எந்த மாட்டுக்கு யார் என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டறியாமல் நாள் குறிக்க முடியாது. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி கோமாரிக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி உண்டு. “ஊசி போட்டா பால் கொறையுது, சினை கலைஞ்சிடும்” என்று பெண்கள் மாட்டை ஒளித்து வைப்பதும் உண்டு. சில நாள் பால் சற்றுக் குறையக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு பேசுகிற மருத்துவரைத்தான் அவர்கள் அடுத்த முறையும் நம்புவார்கள்.

தோல் விஷயத்திலும் இந்தச் சாமர்த்தியம் தேவை. உண்ணிக் கடியும், நொண்டிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற சூட்டுத் தழும்பும் பதனிட்ட தோலில் அழியாமல் தெரிந்து அதன் தரத்தைக் கெடுக்கின்றன. ஆனால் “தோல் பாழாகும், சூடு போடாதீர்கள்” என்று விவசாயியிடம் உபதேசிப்பதில் பிரயோஜனமில்லை. மாட்டை உயிரோடு விற்றுவிடும் அவருக்கும், தோல் மண்டியில் பேசப்படும் விலைக்கும் சம்பந்தம் ஏது? உண்ணி இரத்தத்தை உறிஞ்சி, காய்ச்சலை உண்டாக்கி, பாலைக் குறைக்கும் என்றால் அன்றே கொட்டிலைச் சுத்தம் செய்வார். எதிரில் இருப்பவருடைய இலாப நஷ்டத்தை அறிந்து பேசுவதை மாணவர் புத்தகத்தில் கற்க முடியாது. தமிழோடு உருதும் தெலுங்கும் புழங்குகிற இந்த வட்டாரத்தில் அதை மூன்று பாஷைகளில் காதால் கேட்டுக் கற்கலாம்.

பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆகவே புதிய தாள் ஒன்று வேண்டாம். உள்ளிருப்புப் பயிற்சி ஆண்டிலேயே சில வாரங்களைப் பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கென ஒதுக்கினால் போதும். இருவர் இருவராக ஒரு கிராமத்தைப் பொறுப்பேற்று, கால்நடைகளை எண்ணி, செலவு, நாள், ஆள், மழை பெய்தால் மாற்று ஏற்பாடு ஆகியவற்றை எழுதி, இராணிப்பேட்டை நிலையத்தில் மருந்து உருவாகும் முறையைக் கண்டு, ஒரு தோல் தொழிற்சாலையில் தழும்புகளைத் தொட்டுப் பார்த்து, முகாமை நடத்தி முடிக்கட்டும். பிறகு, எத்தனை மாடுகள் விடுபட்டன, ஏன் விடுபட்டன என்பதைத் தமிழில் எழுதி, பால் சங்கத்தில் கூடும் ஜனங்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொன்ன பின்னரே அப்பயிற்சி நிறைவுற்றதாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் இதை விதியாகவே ஆக்க வேண்டும்.