உலக முடிவுக்குக் கீழே ஓர் உலகம்

இயற்கைக்கு வர்க்கமில்லை என்றும், மலையழகைச் சுவைக்கச் செல்வோர் அரசியலை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லவேண்டும் என்றும் கூறுவோர் நம்மிடையே உளர். ஆசிரியர் சிலரும் இக்கூற்றை வழிமொழிகின்றனர். ஹோட்டன் சமவெளிக்கு மாணவரை அழைத்துச் செல்லுந்தோறும் இதன் போலித்தனத்தையே நாம் காண்கின்றோம்.

மஹ எலிய என மக்கள் அழைத்த அப்புல்வெளி, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைச் சுமக்கின்றது. அங்குள்ள அருவிக்கோ வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் பெயர். துரைமார் வேட்டையாடிய அச்சமவெளியில் இன்று யானை இல்லை. துரையின் பெயர் இருக்கின்றது. பெயர்ப்பலகையிலேயே வர்க்கம் எழுதப்பட்டிருக்க, இயற்கைக்கு வர்க்கமில்லை என்பது எவ்வாறு?

அக்காடு தப்பிய வரலாற்றையும் நோக்குவோம். கோப்பிக்காகக் கீழ்மலைக் காடுகள் மொட்டையடிக்கப்பட்ட பின்னரே, 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டது. 1969இல் அச்சமவெளி சரணாலயமாயிற்று; 1988இல் தேசியப் பூங்காவாயிற்று; 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய நதிகளுக்கு ஊற்றுக்கண்ணான அந்நிலம் காக்கப்படுவதை நாம் முழுமனத்துடன் வரவேற்கின்றோம். வாயிலில் பொலித்தீன் உறைகளைக் களைந்துவிட்டு உள்ளே அனுப்புவதும் சரியே.

ஆனால், அந்த 5,000 அடிக் கோட்டுக்குக் கீழே நடந்தது என்ன? மேலேயுள்ள மரத்துக்கு 1873இல் கிடைத்த பாதுகாப்பு, கீழே உழைத்த மனிதனுக்கு எப்போது கிடைத்தது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்தது. எஞ்சிய நாடற்றோருக்கு அதனை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்களுக்குத் தாம் குடியிருக்கும் காணிக்கு உறுதி இல்லை. மரை உலாவ 3,160 ஹெக்டேயர் ஒதுக்கிய நாட்டில், மனிதக் குடும்பத்துக்கு ஒரு லயக் காம்பரா! மரையின் நிலத்தைப் பறிக்குமாறு நாம் கேட்கவில்லை. மனிதனுக்கும் நிலம் வேண்டும் என்கின்றோம்.

உலக முடிவு எனப்படும் செங்குத்துப் பாறையின் விளிம்பில், காலை மூடுபனி ஏறுமுன் ஒருநாள் நின்றிருந்தோம். பள்ளத்தில் பெலிஹுல்ஓயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளையான மாணவி ஒருத்தி, "சேர், அங்கே தெரிவது லயம்தானே?" என்றாள். உடன் வந்த ஆசிரியர் ஒருவர், "அதை விடு பிள்ளை, காட்சியைப் பார்" என்றார்.

அன்பர்களே, அவள் பார்த்ததும் காட்சியே! அவளது உலகம் தொடங்கும் இடத்துக்கு உலக முடிவு என்று பெயரிட்டவன் எவன்? உல்லாசப் பிரயாணி அப்பெயரைச் சொல்லிச் சோற்றுப் பொதியை அவிழ்க்கலாம். ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை. சுற்றுலா என மாணவரை மலையேற்றுவோர், மலையை வெட்டியவன் யார், கொழுந்து கொய்பவள் யார் என்பதையும் கற்பிக்க வேண்டும். கண்ணைத் திறக்காத கல்விச் சுற்றுலா, கல்வியும் அன்று; சுற்றுலாவும் அன்று.