பாரீஸ் மாமாவுக்கு ஒரு வார்த்தை

காரைக்கால், திருநள்ளாறு பக்கம் பல குடும்பங்களுக்குப் பாரீஸில் ஒரு மாமா உண்டு. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்து. அவர் லீவில் வரும்போது லெதர் ஜாக்கெட் வாங்கிவர வேண்டுமாம். நள தீர்த்தக் கரையில் தோளில் துண்டே பாரமாக இருக்கிற வெயிலில் அதை மாட்டிக்கொண்டு எங்கே போவதாக உத்தேசம்? போகட்டும், அவரவர் வேர்வை. 'ஃபாரின் லெதர் சார்!' என்கிறார்களே, அங்கேதான் தகராறு.

உள்ளே 'மேட் இன் இத்தாலி' என்று பட்டி இருந்தால் தைத்த இடம் இத்தாலி, அவ்வளவுதான். தோலைப் பதனிட்டது எந்த ஊர் என்று அது சொல்லாது. நம்ம ராணிப்பேட்டையாகவோ ஆம்பூராகவோகூட இருக்கலாம். ஆவாரம்பட்டை போட்டு வாரக்கணக்கில் பதனிட்டு லண்டனுக்கே அனுப்பிய ஆட்கள் நாம். அப்புறம் குரோமியம் வந்தது. வேலை சட்டென்று முடிந்தது. கழிவு பாலாற்றில் கலந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது (நஷ்டஈடு தனி). இன்றைக்குப் பாரீஸில் ஒரு நல்ல ஜாக்கெட் அதைவிட விலை ஜாஸ்தி! 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். 2025-லும் அதே கோர்ட் அதே பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது.

மாமா கடையில் தையலை இழுத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். கூடவே, இந்தத் தோலின் கழிவு எந்த ஆற்றுக்குப் போச்சு என்றும் கேட்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முழித்தால், சாக்லேட்டோடு வரட்டும்.