தேவதைக்குப் பங்கு உண்டு, அறுத்தவனுக்கு?

விஸ்கி ஆலைகளைச் சுற்றிப் பார்க்கக் காரில் ஒரு பயணம். தஞ்சாவூரில் கிளம்பி, திருச்சி, கரூர், சேலம், ஓசூர் வழியாகப் பெங்களூர், அங்கே அம்ருத். பிறகு மலை தாண்டிக் கோவா. அங்கே பால் ஜான். நாலு பேர், ஒரு கார், ஒரு வாரம். எழுத்தாள நண்பர்கள் சிலர் இப்படி ஒரு திட்டம் போட்டு, நான் டெல்டாக்காரன் என்பதால் பாதை வகுக்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். குடிக்கப் போகவில்லையாம், 'ரசிக்க'ப் போகிறார்களாம். என்னுடைய சண்டை அந்த ஒற்றைச் சொல்லோடுதான்.

ஒரே சரக்கு. காரில் போய்க் குடித்தால் ரசனை. களத்து மேட்டிலிருந்து போய்க் குடித்தால் குடிவெறி. அவர் மூக்கருகே கோப்பையைக் கொண்டுபோய் மோந்து பார்த்தால் நாகரிகம். எங்க தெரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கினால் 'சேரிப் புத்தி'. 'குடிச்சே அழிஞ்ச சாதி' என்று எங்களைச் சொல்வதற்குக் கூசாத நாக்குதான், ஓக் மரப்பீப்பாயின் வாசனையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் கள்ளுக்கடைகள் திறந்திருந்த வருஷங்களில், வெண்ணாற்றங்கரையில் எங்க ஊர்க் கடையில் ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கப்பாவுக்குக் கொட்டாங்கச்சி, அதுவும் கடைக்கு வெளியே வேலியோரம். கோப்பையின் வடிவம் வாசனையை மாற்றும் என்கிறீர்களே நண்பர்களே, கோப்பை சாதியைச் சொல்லும் என்பது எங்களுக்கு ரொம்ப நாளாகவே தெரியும்.

சரி, பாதை கேட்டீர்கள், போட்டுத் தருகிறேன். ஆனால் வண்டி முதலில் மேற்கே போகாது, கிழக்கே போகும்.

முதல் நிறுத்தம் கீழ்வெண்மணி. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், கீழ்வேளூர் வழி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்காகவும், செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவர்கள் பெரும் நிலக்காரர்கள், கார்கூட வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பமுடியவில்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. காரில் போகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த டெல்டாவில் கார் வெறும் வண்டியாக மட்டும் இருக்கவில்லை, நன்னடத்தைச் சான்றிதழாகவும் இருந்திருக்கிறது.

வெண்மணிக்கும் விஸ்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெங்களூர் ஆலையில் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்குக்குக் கூட்டிப் போவார்கள். பீப்பாயில் ஊறும் சாராயம் வருஷா வருஷம் ஆவியாகிக் குறையும். ஸ்காட்லாந்தின் குளிரில் சுமார் 2 சதவீதம். பெங்களூர் வெக்கையில் 10 சதவீதத்துக்கும் மேல். அந்தத் தொழிலில் இதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள்: 'தேவதைகளின் பங்கு'. பத்தில் ஒரு பங்கு காற்றோடு போவதை முதலாளி சிரித்த முகத்தோடு கணக்கில் எழுதிக்கொள்கிறான், அதை வைத்தே சரக்குக்கு விலையும் ஏற்றுகிறான். உழுது, நட்டு, அறுத்து, தூற்றி, மிராசு வீட்டுப் பத்தாயம் வரை சுமந்துபோய்க் கொட்டினவன் அரைப்படி கூடக் கேட்டபோது அது 'கலகம்' என்றானது. கண்ணுக்குத் தெரியாத தேவதைக்குப் பங்கு உண்டு; கண்ணெதிரே நின்றவனுக்குக் கிடையாது. உற்பத்திப் பெருக்கம், பசுமைப் புரட்சி என்றெல்லாம் எழுதப்பட்ட வரலாற்றில் இந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை, ஸ்காட்லாந்தில் விஸ்கி சுத்தமான பண்பாடாக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்கே சதர்லேண்ட் சீமையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்திருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட்டு, அந்த நிலத்தை ஆட்டுப்பண்ணைகளாக்கினார்கள். கிளப்பப்பட்டவர்களைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதே பெருநிலக்காரர் 1819இல் கடற்கரையில் கட்டியதுதான் கிளைன்லிஷ் விஸ்கி ஆலை. தன் குடியானவர்கள் விளைவிக்கும் வாற்கோதுமைக்கு ஒரு போக்கிடம் வேண்டும், அவர்கள் வீட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுவதையும் ஒழிக்க வேண்டும், இதுதான் நோக்கம். குடிசையில் காய்ச்சினால் குற்றம், பண்ணை காய்ச்சினால் தொழில். சாதி அங்கே இல்லை, ஆனால் பண்ணை பண்ணைதான். இன்று அந்த வட்டாரத்துக்கு உலகமே சுற்றுலா போகிறது.

இரண்டாவது நிறுத்தம், கும்பகோணம் போகிற வழியில் பாபநாசத்துக்குப் பக்கம் திருமண்டங்குடி. இங்கேதான் உங்கள் விஸ்கியின் வேர் இருக்கிறது. நம்ம நாட்டில் சாதாரண ஜனங்கள் 'விஸ்கி' என்று வாங்கிக் குடிப்பதில் பெரும்பகுதி தானியத்தில் காய்ச்சியதே அல்ல, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் எடுத்த எரிசாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியது. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. இப்படிக் காய்ச்சும் ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 லிட்டர் கறுத்த கழிவுநீர் வெளியேறுகிறது. கழிவுப்பாகு எங்கிருந்து வருகிறது? கரும்பிலிருந்து. திருமண்டங்குடியில் இருந்த திரு ஆரூரான் சர்க்கரை ஆலை கரும்புக்குத் தரவேண்டிய பாக்கி நின்றது. விவசாயிகள் பெயரிலேயே வங்கிக் கடன் வாங்கப்பட்ட விவகாரம் வெடித்தது. திவாலான ஆலையைக் கால்ஸ் என்கிற மது நிறுவனம் வாங்கியது. 2022 நவம்பரிலிருந்து விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் நான் இன்னொன்றும் கேட்பேன். கரும்பு போட்டவருக்குப் பாக்கி என்று சொல்ல ஒரு சீட்டாவது இருக்கிறது. வெட்டிக் கட்டி லாரியில் ஏற்றின ஆளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? தீர்வைப் பேச உட்காரும் மேசையில் அவனுக்கு நாற்காலி உண்டா?

அரிசிக்கும் இதே கதைதான். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் கூலிகள் சோத்துக்கு வழியில்லாமல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்த 'உபரி' அரிசியை எத்தனாலாக மாற்ற மத்திய அரசு அனுமதி கொடுத்தது. வவுறு காய்கிறவன் இருக்கும் நாட்டில் அரிசி எப்படி உபரியாகும் என்று எந்த ரசிகரும் கேட்கவில்லை.

இனி மேற்கே போகலாம். காவிரியை எதிர்த்துப் போனால் சேலம். 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிய ஜில்லா. 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. ஏழைகளைக் காப்பாற்ற என்றார்கள். நடந்தது என்ன? 'உடம்புக்கு ஆகவேண்டும்' என்று டாக்டரிடம் சீட்டு வாங்கினவருக்கு பெர்மிட், வீட்டில் உட்கார்ந்து குடித்தார். எங்க ஆளுங்களுக்குச் சாராயக் கேஸ், லாக்கப், லத்தி. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987இல் கள்ளையும் சாராயத்தையும் மட்டும் தடை செய்து, பிராந்தி விஸ்கியை விட்டுவைத்தார்கள். ஏழை குடித்தது ஒழுக்கக்கேடு, சீமைப் பெயர் வைத்தது வருமானம். 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசின் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24இல் மது மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 'இலவசம் வாங்கித் தின்கிறார்கள்' என்று எங்களைப் பார்த்துச் சொல்பவர்கள், இந்த நாட்டை நடத்த யார் பணம் போடுகிறார்கள் என்று கணக்குப் பார்க்கட்டும்.

நீங்கள் போகிற நெடுஞ்சாலைக்கும் ஒரு கதை உண்டு. குடித்துவிட்டு ஓட்டுவதால் விபத்து என்று, நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று 2016 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. ரோட்டில் போகிறவன் உயிர் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2017இல் அந்தக் கடைகள் எங்கே போயின? குடியிருப்புகளுக்குள்ளும் வயலோரத்துக்கும் நுழைந்தன. தமிழ்நாடு முழுக்கப் பெண்கள்தான் மறித்தார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் மறித்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. கார்க்காரனுக்கு ஆபத்தான கடை, நடவு முடித்துச் சேற்றுக் காலோடு திரும்புகிற பெண்ணுக்கு மட்டும் ஆபத்தில்லையா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கூலிகள், பெருவாரியாகத் தலித்துகள். அன்றைக்கும் படித்த சபைகளில் கேட்ட குரல் என்ன? 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?' கடைச் சரக்குக்குக் காசு பத்தாதவன் ஏன் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறான் என்று கேட்க நாதியில்லை. நாள் முழுக்க மலக்குழியிலும் மூட்டையடியிலும் கிடந்த உடம்பு ராத்திரி தூங்க எதைத் தேடும் என்று ரசிகருக்குத் தெரியாது.

'அப்ப நீ காந்திக்காரனா? மதுவிலக்கு கேட்கிறாயா?' என்று நண்பர்கள் மடக்கலாம். இல்லை. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கர் தன் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அதற்கு முன்பே அயோத்திதாசப் பண்டிதர் பவுத்த ஒழுக்கமாக அதைப் பேசினார். அது மேலிருந்து போலீஸ் கொண்டுவரும் தடை அல்ல. சுயமரியாதையோடு எழுந்து நிற்கிறவன் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் உறுதி. விலக்கு எங்களைக் குற்றவாளியாக்கியது, விற்பனை எங்களைக் கஜானாவாக்கியது, இப்போது ரசனை எங்களை அநாகரிகமாக்குகிறது. மூன்றும் மேலே இருப்பவர்களின் ஏற்பாடு. எங்கம்மா ஒரு பேச்சில் முடிப்பாள்: 'கடைய மூடுறதுன்னா மூடு. மூடிட்டு, கூலிய ஒழுங்காக் குடு, நெலத்தக் குடு. அதுக்கப்புறம் எம்புருசங்கிட்ட புத்தி சொல்லு.'

பயணம் போங்கள், தடுக்கவில்லை. குடிப்பதும் குடிக்காததும் உங்கள் பாடு. ஆனால் திரும்பி வந்து எழுதும்போது செம்புக் கொப்பரையின் பளபளப்போடு நிறுத்தாதீர்கள். கரும்பு வெட்டின கூலி எவ்வளவு, கழிவுநீர் எந்த வாய்க்காலில் இறங்கியது, எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் கடை வைத்தார்கள், கிடங்கில் பீப்பாய் உருட்டுகிற ஆள் என்ன சாதி என்றும் எழுதுங்கள். அதை எழுதத் துணிவு இல்லையென்றால், அடுத்த முறை எங்களைக் குடிகாரன் என்று சொல்லவும் உங்களுக்கு வாய் இருக்கக் கூடாது.