பேழைக்குள் பிறக்கும் வர்ணம்

விறகுச் சூளையின் சாம்பலும் தணலும் பீங்கானின் பளபளப்பைக் கெடுத்துவிடாதபடி முற்காலச் சீனக் குயவர் கையாண்ட காப்புச் சாதனமாகிய சாகர் என்னும் மண்பேழையை, இன்றைய கலைஞர் புகையை உள்ளேயே அடைத்து வைப்பதற்கென்று பிரயோகிப்பது எனக்கு அளவற்ற ஆனந்தம் தருகிறது. ஒருமுறை சுட்டெடுத்த, கண்ணாடிப் பூச்சில்லாத பானையைச் சுற்றி மரத்தூளை அடைத்து, உப்பும் இரும்புச் சல்பேட்டாகிய அன்னபேதியும் தூவி, கழுத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, மூடியின் விளிம்பை மண்ணால் பூசிச் சூளையேற்றினால், பிராணவாயு குன்றிய அவ்விருளில், தூள் நெருங்கிய பாகம் கரி ஊடுருவிக் கன்னங்கரேலென்றும், அன்னபேதியின் ஆவி தொட்ட பாகம் காவியாகவும், செம்பின் சம்பந்தம் பெற்ற பாகம் இளஞ்சிவப்பாகவும் மாறும். கம்பி கிடந்த தடமோ மெல்லிய கோடாகப் பதியும். பானைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சுற்றிய வைக்கோலிலுள்ள பொட்டாசியம், களிமண்ணின் இரும்போடு கூடிச் செந்தீற்றுகளை விட்டுச் செல்லும் ஜப்பானின் பிஸென் ஊர் 'ஹிதாசுகி' முறை இதற்கு மூத்த உறவு. பேழைக்குள் விளையும் இந்நிறங்களை வெறும் அதிர்ஷ்டத்தின் லீலை என்போரோடு நான் உடன்படேன். உப்பின் அளவையும், தூளின் நெருக்கத்தையும், எட்டிய உஷ்ணத்தையும் ஏட்டில் குறித்து, ஒரு சூளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமையுள்ளவருக்கே, முழுதும் இல்லாவிடினும், நிறங்கள் ஓரளவு வசப்படுகின்றன. ஆனால் எச்சரிக்கையும் வேண்டும்: உலோக உப்புகளின் புகை நெஞ்சுக்குக் கேடு. நுண்துளை மூடாத இப்பாத்திரம் உணவுக்கும் நீருக்கும் உதவாது என்பதை, விற்பவர் வாங்குவோரிடம் மறைக்காமல் சொல்லியே தீரவேண்டும்.