திண்ணையும் சிநேகமும்

அண்டை வீட்டாருடன் சிநேகம் உண்டாவது மனிதர்களுடைய குணத்தைப் பொறுத்த விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "அந்தக் காலத்து மனிதர்கள் தங்கமானவர்கள், இப்போதோ அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூட ஒருவருக்கும் தெரியாது" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். இந்தக் குற்றத்தில் பாதியை மனிதர்கள்மேல் சுமத்தினால், மற்றப் பாதியை வீடு கட்டியவர்மேல் சுமத்துவதே நியாயம்.

இது வேடிக்கைப் பேச்சல்ல. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், யுத்தத்திலிருந்து திரும்பிப் படிக்க வந்த மாணவர்கள் குடும்பத்துடன் வசிப்பதற்காகக் குடியிருப்புகள் கட்டினார்கள். லியோன் பெஸ்டிங்கர் முதலிய மூவர், அங்கே யாருக்கு யார் சிநேகிதர் என்று விசாரித்து 1950-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த கதவில் வசித்தவர்களுக்குள் நட்பு ஏற்பட்டது 100-க்கு 41. நாலு கதவு தள்ளி வசித்தவர்களுக்குள் 100-க்கு 10தான்! இத்தனைக்கும் நடுவே இருந்த தூரம் நூறு அடிகூட இல்லை. மாடிப்படியின் அடியில் குடியிருந்தவர்களுக்கோ மாடி வீட்டாரிடமும் சிநேகிதர்கள் கிடைத்தார்கள். ஏனெனில், மாடியில் இருந்தவர்கள் அவர்களுடைய வாசலைத் தாண்டித்தான் போகவர வேண்டியிருந்தது.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் மூன்று தெருக்களை ஆராய்ந்து 1972-ல் எழுதினார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரி மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் போன தெருவிலோ ஒரு சிநேகிதர்கூட முழுசாகக் கிடைக்கவில்லை, 0.9தான்!

இவ்வளவு ஆராய்ச்சி செய்யாமலே நம் முன்னோர்கள் திண்ணை கட்டினார்கள். திண்ணை வீட்டைச் சேர்ந்ததும் அல்ல, வீதியைச் சேர்ந்ததும் அல்ல. அதில் வந்து உட்கார அழைப்பு வேண்டியதில்லை. பேச்சு அலுத்துவிட்டால் உள்ளே எழுந்து போக மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. இரண்டு வீட்டுத் திண்ணைகள் ஒட்டியிருந்தபடியால், சண்டை போட்டவர்களும் மறுநாள் காலையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே தீரவேண்டும். இன்றைய வீட்டில் அந்த இடத்தை உயர்ந்த மதில் பிடித்துக்கொண்டது. அடுக்கு மாடியிலோ, காரிலிருந்து இறங்கி லிப்டில் ஏறுகிறவர் கதவைச் சாத்தும்வரை ஒரு மனிதரையும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் பழைய வீதியை வானளாவப் புகழ்ந்துவிடுவதற்கும் இல்லை. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த அதே திண்ணை, எத்தனையோ பேரைச் சாதியின் பெயரால் வீதிக்குள்ளேயே வரவிடாமல் தடுத்த ஊர்களிலும் இருந்தது. அந்தப் பாவத்தைத் திண்ணையோடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவர யாரும் விரும்ப மாட்டார்கள். நமக்கு வேண்டியது எல்லோரும் உட்காரக்கூடிய திண்ணை.

இதில் வெறும் வம்புப் பேச்சைக் காட்டிலும் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கவனிக்க வேண்டியவர் யார்? தினமும் அவரைப் பார்த்துப் பழகியவர்தான். பார்ப்பதற்கே இடமில்லாத இடத்தில் எவ்வளவு நல்ல மனம் இருந்தும் பயனில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. லிப்டுக்கு அருகில் ஒரு பெஞ்சு. கடிதப் பெட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில். வாசலில் நிழல் தரும் ஒரு வேப்பமரம். மதிலைக் கொஞ்சம் தாழ்த்தி, அதன் மேல் ஆள் உட்காரும்படி ஒரு பலகைக்கல் - இவை போதும். அடுத்த முறை குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் கூடும்போது, தண்ணீர் வரி, காவற்காரர் சம்பளம் இவற்றுக்கு நடுவே அந்தப் பெஞ்சைப் பற்றியும் நேயர்கள் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். "அதில் யார் உட்காரப் போகிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். முதலில் நீங்கள் போய் உட்காருங்கள்.